விருந்தாளி இல்லாத வீடு

தார் எஸ் ஸலாம்
8 பிப்ரவரி 1998

அன்புள்ள கஸிஜா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கடல்பாசி வயலில் குனிந்தே நிற்காதே என்றால் நீ கேட்கவா போகிறாய்!

பெருநாளுக்கு வர முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. விடுதி நிறைந்து வழியும் மாதம் இது. கம்பெனி தலைமை அலுவலகத்தில் எனக்கு இப்போது தனி மேசை. தலைக்கு மேல் மின்விசிறி வேறு. நம் கிபண்டேனிக் கரையில் இருக்கிற விடுதியும் இவர்களுடையதுதான் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அதனால் "உங்க ஊரைப் பத்திச் சொல்லு" என்று மேலாளர் அடிக்கடி கேட்கிறார்.

அது சம்பந்தமாக ஒரு சின்ன விஷயம். வருஷம் பிறக்கிற நாளில் நடக்கும் நம் ஆண்டு விழா அன்று வெளியூர்க்காரர்கள் எத்தனை பேர் வருகிறார்கள்? மைதானத்தில் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள்? பெண்கள் பாடும் இடத்துக்கும் ஆண்கள் அடித்துக்கொள்ளும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்? நான் ஊரில் இருந்த காலம் மங்கிவிட்டது. எழுது.

பஸ் கண்டக்டர் கையில் உனக்கு ஒரு ஜோடி காங்கா துணி அனுப்பியிருக்கிறேன். சிவப்புக் கரை. உனக்குப் பிடிக்கும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.
உன் தம்பி,
சிமாய்

●

கிபண்டேனி
20 பிப்ரவரி 1998

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் என் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லாரும் இருக்கிறோம். இடுப்பும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. உன் மச்சான் மக்காமேக்கு முந்தாநாள் வலையில் நல்ல கணவாய் விழுந்தது. நீ இருந்திருந்தால் ஒரு பானைச் சோறு காலியாகியிருக்கும்.

துணி வந்தது. நல்ல துணி. கட்டிக்கொண்டு கரையில் பாசி உலர்த்தப் போனேன். உன் கம்பெனி காவல்காரன் கம்போடு வந்து நிற்கிறான். "கொஞ்சம் அந்தாண்ட போங்கம்மா, விருந்தாளிங்க படம் எடுக்கறாங்க, பாசி நாத்தம் அடிக்குது" என்றான். "உங்க விடுதி வர்றதுக்கு முந்தியே இந்த நாத்தம் இங்க இருக்குது, நாத்தத்துக்குப் பிடிக்கலேன்னா அதுவே எழுந்து போகட்டும்" என்றேன். விழித்துக்கொண்டு போனான்.

மைதானத்தில் யார் எங்கே நிற்பார்கள் என்று கேட்கிறாயே, உனக்கு ஞாபகம் இல்லையா? வடக்குக்காரர்கள் வாழைமட்டையோடு வர, தெற்குப் பக்கத்தில் நின்று நீ முதுகில் வாங்கியது மறந்துபோச்சா? மூன்று நாள் குப்புறப் படுத்தாய். வெளியூர்க்காரர் தனியாக எங்கேயும் நிற்பதில்லை. வருகிறவர் ஏதாவது ஒரு வீட்டு விருந்தாளிதான். ஆண்டு நாளில் விருந்தாளி இல்லாத வீட்டுக்கு வருகிற வருஷம் விடியாது என்று நீயும் நானும் கேட்டுத்தானே வளர்ந்தோம்? போன வருஷம் பக்கத்து வீட்டு பி ஸுவேனாவுக்கு யாரும் வந்து சேரவில்லை. பஸ் கண்டக்டரையே கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்து ஊட்டாத குறையாகச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரை பஸ் நின்றது.

தூரத்தை எல்லாம் எதற்குக் கேட்கிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா,
கஸிஜா

●

தார் எஸ் ஸலாம்
15 மார்ச் 1998

அன்புள்ள அக்கா,

ஸலாம். நலம், நலமே நாடுகிறேன். மழைக்கு முன் கூரை மாற்றிவிட்டீர்களா?

எதற்குக் கேட்டேன் என்று கேட்டாய். சந்தோஷமான செய்திதான், நிதானமாகப் படி. நம் ஆண்டு விழாவை உலகம் பார்க்கும்படி நடத்திக் கொடுக்கக் கம்பெனி முடிவு செய்திருக்கிறது. மைதானத்தின் கிழக்கே வேலி போட்டு உட்கார நாற்காலிகள், நிழலுக்குக் கூடாரம். டிக்கெட் உண்டு. அதற்குப் பதிலாக ஊருக்குக் குழாய்த் தண்ணீர். ஷேஹா அமெய்ர் ஊர்த் தலைவர் என்ற முறையில் சம்மதித்துவிட்டார்.

சின்னச் சின்ன மாற்றங்கள் மட்டும் கேட்கிறார்கள். விழாவை வியாழனுக்குப் பதில் சனிக்கிழமை வைத்தால் விருந்தாளிகளுக்கு வசதி. சண்டையை மாலை நான்கு மணிக்கு ஆரம்பித்தால் படத்துக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும். பழைய வருஷம் போகட்டும் என்று ஓலைக் குடிசையை எரிப்பதை, பிந்தி வரும் பேருந்துக்காக இன்னொரு தடவையும் எரித்துக் காட்ட வேண்டும். பெண்கள் பாட்டில் கெட்ட வார்த்தையைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், மொழிபெயர்க்கும்போது சங்கடமாக இருக்கிறதாம்.

பாட்டில் முன்னால் நிற்பவள் நீ. நீ சொன்னால் பெண்கள் கேட்பார்கள். எனக்காக ஒரு வார்த்தை பேசு அக்கா.

இது கம்பெனி முடிவு, என் கையில் ஒன்றும் இல்லை.

மச்சானுக்கு ஸலாம் சொல்.
சிமாய்

●

கிபண்டேனி
2 ஏப்ரல் 1998

சிமாய்,

ஸலாம். கூரை மாற்றியாயிற்று, நாங்கள் நலம். நீ நலமாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தலையில் ஏதாவது அடி பட்டதா?

உன் கடிதத்தைப் பாசிக் கரையில் எல்லாப் பெண்களுக்கும் படித்துக் காட்டினேன். குடிசையை இரண்டு தடவை எரிக்கிற இடம் வந்ததும் பி ஸுவேனா மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். "ரெண்டாவது பஸ்ஸுக்கு ஒரு வருஷம் கூடப் பொறக்குமாடி? அப்ப எனக்கு வயசு ரெண்டா ஏறுமே!" என்றாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வருஷம் உன் கம்பெனியைக் கேட்டுக்கொண்டா பிறக்கிறது? நான்கு மணி வரைக்கும் கோபத்தை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமா?

கெட்ட வார்த்தையைக் குறைக்கவாம்! போன வருஷம் உன் மச்சான் என்னைக் கேட்காமல் பெரிய வலையை விற்றாரே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே கேட்க அவரைப் பாட்டிலே கிழித்தேன். அவர் பக்கத்துத் தோணிக்காரனோடு வாழைமட்டையால் சாத்திக்கொண்டு இருந்தார். சாயங்காலம் எல்லாரும் கடலில் குளித்தோம், அவர் என் கையால்தான் சோறு தின்றார். வலைப் பேச்சு அதோடு தீர்ந்தது. வருஷமெல்லாம் ஒருவரை ஒருவர் கொல்லாமல் இருக்கிறோமே, அது இந்த ஒரு நாளால்தான். அதைக் கழுவிச் சுத்தம் செய்து தட்டில் வைக்கச் சொல்கிறாயா? முடியாது. ஷேஹாவிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். குழாய்த் தண்ணீருக்காக இந்த நாளை விற்றால், தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையில் நிற்கும்.

உன் மச்சான் ஸலாம் சொல்கிறார். நான் சொல்லவில்லை.
கஸிஜா

●

தார் எஸ் ஸலாம்
26 ஏப்ரல் 1998

அன்புள்ள அக்கா,

ஸலாம். மழை ஆரம்பித்திருக்கும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லையே? மச்சான் கடலுக்குப் போகாமல் இருக்கிறார்தானே?

உன் கோபம் புரிகிறது. ஆனால் ஒன்று யோசித்துப் பார். இவர்கள் வராவிட்டால் வேறு யாராவது வருவார்கள். தெரியாத ஒருவன் வந்து நடத்துவதைவிட நம் ஊர்க்காரன் ஒருவன் உள்ளே இருந்து பார்த்துக்கொள்வது நல்லதில்லையா? நான் உள்ளே இருப்பதால்தான் இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார்கள். அளக்க ஓர் ஆள் அடுத்த மாதம் ஊருக்கு வருவார். நல்ல மனிதர். அவரை விரட்டி அடித்துவிடாதே.

திரும்பவும் சொல்கிறேன், இது கம்பெனி எடுத்த முடிவு.

பதில் போடு.
சிமாய்

●

தார் எஸ் ஸலாம்
28 மே 1998

அக்கா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? கண்டக்டரிடம் கேட்டால் "நல்லாத்தான் இருக்காங்க, போன வாரம்கூட என்னைத் திட்டினாங்க" என்கிறான். அதுவரைக்கும் நிம்மதி.

உனக்காகச் சண்டை போட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். விழா வியாழக்கிழமையே நடக்கும். நேரமும் உங்கள் இஷ்டம். குடிசை ஒரு தடவை எரித்தால் போதும். வேலியும் நாற்காலியும் மட்டும் இருக்கட்டும். இதற்காவது சரி என்று சொல். மேலாளர் தினமும் கேட்கிறார், எனக்கு மேசையில் உட்கார முடியவில்லை.

உன் பதிலுக்கு ஏங்கும்,
சிமாய்

●

கிபண்டேனி
12 ஜூன் 1998

அன்புத் தம்பி சிமாய்க்கு,

வஅலைக்கும் ஸலாம். மழை விட்டது. சின்னவளுக்கு இருமல் இருந்தது, இப்போது தேவலை. உன் மச்சான் புது வலை பின்னுகிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் ஆள் வந்து மைதானத்தை அளந்தார். விரட்டவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பியும் அரிசி ரொட்டியும் கொடுத்தேன். நீ சொன்னதுபோல நல்ல மனிதர்தான், தாராளமாகப் பேசினார். உன்னைப் பற்றி வாய் ஓயாமல் புகழ்ந்தார். உன் மச்சானும் பி ஸுவேனாவும்கூட உட்கார்ந்து கேட்டார்கள்.

பெண்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டோம். கூட்டிக்கொண்டு வா. எத்தனை பேருந்து வேண்டுமானாலும் கொண்டு வா. வருகிற ஒருவரும் இடம் இல்லாமல் வெயிலில் நிற்க மாட்டார், அதற்கு நான் பொறுப்பு. வேலியும் நட்டுக்கொள்ளட்டும், நாங்கள் தொட மாட்டோம். ஒன்று மட்டும்: உச்சி வெயிலுக்கு முன்னாலேயே வந்து சேருங்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்.

நீயும் வெறும் வயிற்றோடு வா.

அன்புடன்,
கஸிஜா

●

தார் எஸ் ஸலாம்
25 ஜூன் 1998

என் தங்கமான அக்காவுக்கு,

ஸலாம், ஸலாம், ஆயிரம் ஸலாம். சின்னவளின் இருமலுக்குத் தேனும் இஞ்சியும் கொடு.

உன் கடிதத்தை மேலாளரிடம் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். "உங்க அக்கா அருமையான பொம்பளை" என்றார். மூன்று பேருந்துகள் நிறைந்துவிட்டன. நானே ஒலிபெருக்கி பிடித்து விளக்கம் சொல்லப் போகிறேன். மேலாளரும் வருகிறார். அக்கா, உன்னால் என் தலை நிமிர்ந்தது.

அளக்க வந்தவர் என்னைப் பற்றி அப்படி என்னதான் புகழ்ந்தார்? சும்மாதான் கேட்கிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி பார்ப்போம்.
சிமாய்

●

தார் எஸ் ஸலாம்
29 ஜூலை 1998

கஸிஜா அக்காவுக்கு,

ஸலாம். நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், கண்ணால் பார்த்தேனே.

உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பேருந்து ஏறியது தப்புத்தான். அங்கே நின்று பேசியிருந்தால் என்ன பேசியிருப்பேனோ எனக்கே தெரியாது.

ஏன் இப்படிச் செய்தாய்? நான் ஒலிபெருக்கியில் "இந்தப் பக்கம் வாங்க" என்று வாயைத் திறக்கும் முன்பே பேருந்து வாசலில் உங்கள் கூட்டம். இறங்கிய ஒவ்வொருவர் கையையும் ஒருத்தி பிடிக்கிறாள். "இவரு எங்க வீடு!" "இந்தம்மா எங்க வீடு!" டிக்கெட் கிழிக்கிறவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். பி ஸுவேனா எங்கள் முக்கியமான விருந்தாளியை, ஆறடி மனிதரை, ஆட்டுக்குட்டியைப் போல இழுத்துக்கொண்டு போகிறாள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் காங்கா கட்டிக்கொண்டு, தேங்காய்ச் சோறு தின்ற வாயோடு, அவரவர் வீட்டுக்காரர்களோடு ஊர்ப் பக்கமாக மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வேலிக்குள்ளே நாற்காலிகள் காலி. மேலாளர் மட்டும் கூடாரத்தடியில் தனியாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கலாமே என்றால், "சோறு போட்டவங்க மூஞ்சியைப் படம் பிடிக்கக் கூடாதுன்னு எங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க" என்று பேருந்தில் வந்த ஒரு பெண் என்னிடமே சொல்கிறாள். எங்க வீட்டம்மாவாம்!

அந்த ஆறடி மனிதர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வடக்குக்காரர்களோடு சேர்ந்து வாழைமட்டை பிடித்தார். முதுகு முழுக்கத் தடிப்பு. திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பாட்டை எப்படிப் பொறுப்பது?

"தலைக்கு மேலே காத்தாடி சுத்துது,
தம்பி தலைக்குள்ள கம்பெனி சுத்துது!
வருஷத்தை அளந்து வேலி போட்டாங்க,
யாரு யோசனை? அடி, யாரு யோசனை?"

ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் என்னைக் கை நீட்டி "சிமாய் யோசனை! சிமாய் யோசனை!" என்றார்கள். ஒலிபெருக்கி என் கையில் இருந்தது, அதற்குள்ளும் உன் குரல்தான் கேட்டது. மச்சான் ஒரு மட்டையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டு எதிரே நின்றார். நான் எடுக்கவில்லை. கம்பெனிச் சட்டையோடு எப்படி எடுப்பேன்?

சரி, என் யோசனைதான். முதல் நாளிலிருந்தே என் யோசனைதான். மேசை கிடைத்ததும் அதற்காகத்தான். போதுமா?

ஆனால் உன் நியாயத்தையும் கேட்கிறேன். மூன்றாவது பேருந்து வந்தபோது நீ ஓட்டுநரிடம், "வீடு தீர்ந்து போச்சு, திருப்பிக்கிட்டுப் போ" என்றாய். ஒருவரையும் நிற்க வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள், பேருந்தில் உட்கார்ந்திருந்தவர்களை அப்படியே திருப்பி அனுப்பினாய். அவ்வளவு தூரம் வந்தவர்கள். உன் வீடு காலியாகத்தான் இருந்தது, நான் பார்த்தேன். பாய் விரித்திருந்தது, தட்டு மூடி வைத்திருந்தது, ஒருவரும் இல்லை. ஊருக்கெல்லாம் விருந்தாளியை இழுத்துக் கொடுத்த நீ, உன் வீட்டுக்கு மட்டும் ஒருவரையும் ஏற்றவில்லையே, ஏன்? வெள்ளைக்காரர் கால் பட்டால் உன் பாய் கறைபட்டுவிடுமா?

மேலாளர் இன்னும் என்னோடு பேசவில்லை.

சிமாய்

●

கிபண்டேனி
9 ஆகஸ்ட் 1998

சிமாய்,

வஅலைக்கும் ஸலாம். நலமா என்று நீ கேட்காவிட்டால் என்ன, நான் கேட்கிறேன். நலமா? சாப்பிட்டாயா? அன்றைக்குப் பேருந்தில் அட்டைப் பெட்டியைத் திறந்து ரொட்டித் துண்டு தின்றாயாம், கண்டக்டர் சொன்னான்.

யோசனை உன்னுடையது என்று அளக்க வந்தவர் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். "உங்க ஊர்ப் பையன்தான் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தான், கெட்டிக்காரன்" என்றார். பி ஸுவேனா என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். விற்க வருகிறவனை எதிர்த்து நிற்கலாம். என் தம்பியே விற்றுவிட்டு, நான்கு மாதமாக "கம்பெனி முடிவு, கம்பெனி முடிவு" என்று எனக்கு எழுதிக்கொண்டிருந்தானே, அதை எங்கே போய்ச் சொல்வேன்? அதனால்தான் ஊர் நடுவில் நின்று பாடினேன். நம் ஊரில் வேறு எங்கே சொல்வார்கள்? பாடியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். திரும்பவும் பாடச் சொன்னாலும் பாடுவேன்.

மூன்றாவது பேருந்தைத் திருப்பியதற்கும் மன்னிப்பு இல்லை. வீடு இருக்கிற அளவுக்குத்தான் விருந்தாளி. அதற்கு மேல் வருகிறவர் வெறும் கூட்டம். கூட்டம் தண்ணீரைக் குடிக்கும், நிழலை எடுத்துக்கொள்ளும், யார் பேரும் தெரியாமல் போய்விடும். வந்தவர்களில் பாதிப் பேர் போகும்போது அழுதார்கள். உன் ஆறடி மனிதர் பி ஸுவேனாவுக்கு அடுத்த வருஷமும் வருவதாகச் சத்தியம் செய்திருக்கிறார். வேலிக்குள் உட்கார்ந்திருந்தால் யார் அழுதிருப்பார்கள்? போய் உன் மேலாளரிடம் சொல். வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? வீட்டு எண்ணிக்கைக்கு வரட்டும், எங்கள் நாளுக்கு வரட்டும், எங்கள் சோற்றைத் தின்னட்டும்.

வேலிக் கம்புகளைப் பிடுங்கி, கயிறு கட்டிப் பாசி வளர்க்க வயலில் நட்டுவிட்டோம். நல்ல உறுதியான கம்பு. கம்பெனிக்கு எங்கள் நன்றியைத் தெரிவி. ஷேஹா அமெய்ர் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்.

என் வீட்டுப் பாய் யாருக்கு என்று கேட்டாயே. நான்தான் எழுதியிருந்தேனே, வெறும் வயிற்றோடு வா என்று. ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒரு விருந்தாளியைப் பிடித்துக் கொடுத்தேன். என் வீட்டுக்கு வேறு ஒருவரையும் உட்கார வைக்க மனம் ஒப்பவில்லை. கணவாய் சமைத்து மூடி வைத்தேன். பாடி முடித்ததும் மட்டையை எடுத்து உன் மச்சானோடு அடித்துக்கொள்வாய், வாங்கவும் வாங்குவாய், அப்புறம் எல்லாரும் கடலில் முங்கி எழுந்து, நீ வந்து உட்காருவாய் என்று நினைத்தேன். பேருந்துப் புகைதான் தெரிந்தது.

கிபண்டேனியில் இந்த வருஷம் விருந்தாளி இல்லாத ஒரே வீடு என் வீடு. பெண்கள் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. மெதுவாகப் பேசுகிறார்கள், அது இன்னும் மோசமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். ரொட்டித் துண்டு தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

கஸிஜா

●

தார் எஸ் ஸலாம்
21 ஆகஸ்ட் 1998

அக்கா,

ஸலாம். நான் நலம்.

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். அடுத்த வருஷம் பேருந்துகளை எத்தனை ஆக்கலாம், மைதானத்துக்கு எவ்வளவு உயரச் சுவர் வைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "சுவர் கிடையாது, டிக்கெட் கிடையாது. கிபண்டேனியில் எத்தனை வீடோ அத்தனை பேர்தான்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது யாரு யோசனை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கே போனாலும் என்னை விடாது போலிருக்கிறது. "எங்க அக்கா யோசனை. ஊர் யோசனை. என் யோசனையும் அதான்" என்றேன்.

மேசை இப்போது வேறு ஒருவருடையது. மின்விசிறி எனக்குச் சளி பிடிக்க வைத்தது, போகட்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். வருஷம் பிறந்து நாளாகிவிட்டது, இப்போது அடித்துக்கொண்டால் செல்லாது என்று மச்சான் சொல்வார். செல்லாவிட்டால் போகிறது, ஒரு பச்சை மட்டையை வெட்டி வைக்கச் சொல். கடலில் முங்கிவிட்டு நேரே வீட்டுக்கு வருவேன்.

பாயை விரித்து வை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட மாட்டேன்.

உன் விருந்தாளி,
சிமாய்